ஆயுத பூஜையன்று நடுவானில் நின்ற வண்டி

ஒரு பொருளைப் பற்றி நாற்பது கட்டுரைகள் படித்துவிட்டால், அந்தப் பொருள் நமக்கு அடங்கி நடக்கும் என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருப்பவளுக்கு வரக்கூடிய வியாதிதான் இது. குழம்பில் புளிப்பு தூக்கலாகிவிட்டால் சமையல் குறிப்பில் எங்கே பிழை என்று தேடுவேனே தவிர, குழம்பில் துளி வெல்லம் போடமாட்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆயுத பூஜை நாளில், பேருந்துப் பணிமனை ஊழியர்கள் ஒன்பது பேர் பொரி தின்றபடி பார்த்திருக்க, அந்த நம்பிக்கையை என் வீட்டுக் கூடத்திலேயே பறிகொடுத்தேன்.

என் கணவர் ஏழுமலை அரசுப் பேருந்து ஓட்டுநர். விழுப்புரம் சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். சர்க்கரை நோய் அவருடைய இடது கண்ணைத் தொட்டபோது, இனிமேல் கனரக வண்டி ஓட்டக் கூடாது என்று புதுச்சேரி கோரிமேட்டு மருத்துவமனையில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பணிமனையில் ஒரு மேசைக்குப் பின்னால் அவரை உட்காரவைத்தார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளும் வேலை. சம்பளம் குறையவில்லை, மனிதர்தான் குறைந்துபோனார். அதுவரை ‘டிரைவரே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் ‘சார்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டிலும் பேச்சு அற்றுப்போனது. காலையில் என் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் அமர்ந்து வருவார். முதலியார்பேட்டை நெரிசலில் நான் நுழையும்போதெல்லாம், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பார். மாலையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, விமானி அறையில் எடுத்த காணொளிகளை ஒலியில்லாமல் கைப்பேசியில் பார்ப்பார். ஒருநாள் தற்செயலாகக் கவனித்தேன். திரையில் விமானம் ஓடுபாதையில் வேகம் பிடிக்கிறது. கட்டில் சட்டத்தின் மேல் கிடந்த அவருடைய இடது கை கியர் மாற்றிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த மனிதரை மறுபடியும் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைக்க வேண்டும். அதையும் பணிமனைக்காரர்கள் பார்க்க வேண்டும். சாலையில் இடமில்லையென்றால் வானத்தில். கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் விளையாட்டு ஒன்று உண்டு. வானம், மேகம், ஊர், ஏரி எல்லாம் உள்ளபடியே தெரியும். யார் மீது மோதினாலும் வழக்குக் கிடையாது. அதற்கேற்ற கணினி ஒன்றை வாங்கித் தருவதென்று தீர்மானித்தேன்.

இதுவரை நான் செய்தது எந்த மனைவியும் செய்யக்கூடிய நல்ல காரியம். இதற்கு அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் படித்தேன். இருநூறு பக்க நோட்டு ஒன்று நிறைந்தது. ஒரு ஸ்கூட்டரின் பாதி விலைக்குள் எல்லாம் முடிய வேண்டும். சுடுகிற விளையாட்டுகளுக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தால் போதும். விமான விளையாட்டோ கீழே விரிகிற உலகம் முழுவதையும் நொடிக்கு நொடி கணக்குப் போட வேண்டியிருப்பதால், கணினியின் மூளையான பிராசசரையும் நினைவகத்தையும் சேர்த்துப் பிழிந்தெடுக்கும். ஒன்றுக்குத் தாராளமாகக் கொடுத்தால் மற்றொன்று அரைப்பட்டினி. பிராசசருக்கும் அதைத் தாங்கும் மதர்போர்டுக்கும் பொருத்தம் வேறு பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன். (என் கல்யாணத்துக்கே இத்தனை நாள் பொருத்தம் பார்க்கவில்லை. பார்த்தவரைக்கும் பத்தில் ஆறுதான் தேறியதாம்.)

நோட்டும் கணவருமாக நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு மாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அருள்தாஸ் முப்பது வயது இளைஞர், நல்ல மனிதர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரை நான் நடத்திய விதத்தைப் படிக்கும்போது உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

“வாங்க மேடம். கேமிங்கா? பையனுக்கா?”

“கணவருக்கு.”

ஐம்பத்து மூன்று வயதுக் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, “சூப்பர் சார்!” என்றார். “இந்தக் கண்ணாடி கேபினட்ட பாருங்க. உள்ள ஏழு கலர் லைட்டு எரியும். ராவுல அப்டியே கோயில் தேர் மாரி இருக்கும்.”

“விளக்கு எரிந்தால் விமானம் வேகமாகப் பறக்குமா?” என்று கேட்டேன். (இதே எழுத்துத் தமிழில்தான் கேட்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

அவர் சளைக்கவில்லை. “அப்போ காசு மிச்சம் பண்ணலாம் மேடம். செகண்ட் ஹேண்ட் கார்டு ஒண்ணு வந்திருக்கு. ஒரே ஓனர். பதமா ஓட்டுனது.”

“எத்தினி கிலோமீட்டர் ஓடியிருக்கு?” என்றார் என் கணவர்.

அருள்தாஸ் குலுங்கிச் சிரித்தார். ஆறு மாதத்தில் என் கணவர் சொன்ன முதல் வேடிக்கை அது. நான் சிரிக்கவில்லை. நோட்டில் கிராபிக்ஸ் கார்டுக்குரிய பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“பிராசசர் டப்பாவுலயே ஒரு ஃபேன் வரும் மேடம். அதுவே போதும்” என்று அருள்தாஸ் சொன்னபோதுதான் என் முழு விசுவரூபமும் வெளிப்பட்டது. புதுச்சேரியின் வெப்பம், கடற்காற்றின் ஈரம், பிராசசரின் உச்சி வெப்பநிலை, செம்புக் குழாய்களின் கடத்துதிறன் ஆகியவை குறித்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தி, பிராசசரின் சூட்டை இழுக்கத் தனியாக ஒரு பெரிய கூலர் வேண்டும் என்று சாதித்தேன். பின்னால் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் மெல்ல வேறு கடைக்குப் போய்விட்டார்.

“சரி மேடம். ஒரு மணி நேரம் ஒக்காருங்க. எல்லாத்தையும் மாட்டி, ஓட்டிக் காட்டிக் குடுத்துர்றேன்.”

“வேண்டாம். படித்திருக்கிறேன்.”

“டவுட்டு வந்தா ஃபோன் பண்ணுங்க மேடம்.”

“வராது” என்றேன்.

என் கணவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. விமானத்தின் கைப்பிடிச் சக்கரத்தைப் போலவே செய்த ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. அதன் விலைக்கு இன்னொரு கணினி வாங்கலாம். நான் குச்சிபோல நிற்கிற மலிவான ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன்.

“ஸ்டியரிங் இல்லாத வண்டியா?”

“இதைப் பிடித்துச் சாய்த்தால் விமானம் திரும்பிவிடுமுங்க.”

“ஹாரன் எங்க இருக்கு?”

“விமானத்துக்கு ஹாரன் கிடையாதுங்க.”

“அப்போ எதுர்ல வர்றவன் எப்டி ஒதுங்குவான்?”

நான் என் இருநூறு பக்கத்தையும் புரட்டத் தொடங்கினேன்.

அவர் பணிக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, திருகாணிகளை வகைவாரியாகக் கிண்ணங்களில் இட்டு, நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு நானே பூட்டினேன். பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. தனியாகக் கூடத்தில் நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். விளையாட்டையும் ஏற்றித் திறந்து பார்த்தேன். முகப்புப் படம் வந்ததுமே உள்ளே விசிறி பெரிதாக இரையத் தொடங்கியது. விமானம் என்றால் இரையத்தானே செய்யும் என்று பூரித்துப்போய் அணைத்துவிட்டேன். பறந்து பார்க்கவில்லை. முதல் சவாரி அவருடையதாக இருக்க வேண்டும். அதுவும் ஆயுத பூஜையன்று.

அந்த நாளைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. ஆயுத பூஜையன்று பணிமனையில் பேருந்துகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நிறுத்துவார்கள். ஒவ்வோர் ஓட்டுநரும் தன் வண்டியின் முன் நின்று பூசணிக்காய் உடைப்பார். அந்த ஆண்டு என் கணவருக்கு நிற்க வண்டியில்லை. ஆகவே அவருடன் பதினொரு ஆண்டுகள் நடத்துநராக ஓடிய கலியமூர்த்தியிடம், பூஜை முடிந்ததும் எல்லாரையும் நம் வீட்டுக்கு அழைத்து வா என்று சொல்லியிருந்தேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். காக்கிச் சட்டையில் சந்தனப் பொட்டுகளுடன், கையில் பொரி பொட்டலங்களுடன் கூடத்தை நிறைத்தார்கள். கணினிப் பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி பூசி, குங்குமம் வைத்து, திரைக்கு மாலை போட்ட கலியமூர்த்தி, எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு திகைத்து நின்றான்.

“அண்ணி, சக்கரம் எங்க?”

“சக்கரம் திரையில்தான் வரும்.”

“அப்போ பழத்த எதுக்கு அடியில வைக்கிறது?”

சற்று ஆலோசித்து ஜாய்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் வைத்தான். அது உருண்டு நாற்காலிக்கடியில் போய்விட்டது.

பிறகு நான் பேசினேன். பேசியிருக்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் ஏன் தேர்ந்தேன், எதை ஏன் நிராகரித்தேன் என்று விரித்துரைத்தேன். கடைக்காரர் என்னை ஏமாற்றப் பார்த்தும் ஏமாறவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன். (அவர் ஏமாற்றப் பார்க்கவேயில்லை.) ஓர் இளம் ஓட்டுநர் கொட்டாவியை மறைக்கப் பொரியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக என் கணவர் உட்கார்ந்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்; நாற்காலியை முன்னுக்கு நகர்த்தினார். திரையில் நம் லாசுப்பேட்டை ஓடுபாதை. மூக்கில் விசிறி சுழலும் சின்ன விமானம். கலியமூர்த்தி சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தான்.

“சென்னை, சென்னை, சென்னை! பாயிண்ட் டு பாயிண்ட்! திண்டிவனம் நிக்காது, திண்டிவனம் ஆளு ஏறாத!” விசில் கூரையைப் பிளந்தது. “போலாம் ரைட்!”

விமானம் ஓடியது, எழுந்தது. கூடம் முழுக்க ஒரே கூச்சல். அவர் கடற்பக்கமாகச் சாய்த்துத் திருப்பினார். “டேய், வீராம்பட்டினம்டா! அதான் தேர் நிக்கிற எடம்!” என்று ஒருவர் திரையைத் தொட்டுக் காட்டினார். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

அந்த நிமிடத்தில் கடல் நின்றது. விமானம் விக்கியது, ஓரடி நகர்ந்து நின்றது, மறுபடி விக்கியது. விசிறி ஓலமிட்டது. திரை கறுத்து, எல்லாம் அணைந்தது. மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“டீசல் போட்டியாண்ணே?” என்றார் ஒருவர்.

கொட்டாவிக்காரர் பவ்வியமாகக் கேட்டார்: “எறங்கித் தள்ளணுமா, சார்?”

அந்த ‘சார்’ அவருக்கு எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும். மறுபடி இயக்கினேன். விமானம் எழுந்து நான்கு நிமிடத்தில் கறுத்தது. மூன்றாம் முறை கடலைக்கூடப் பார்க்கவில்லை. என் கணவரின் காதுமடல் சிவந்துவிட்டது. ஒன்பது பேரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, குங்குமம் உள்ளே கொட்டிவிட்டது, பூசணிக்காய் உடைக்காமல் வண்டியை எடுத்திருக்கக் கூடாது. இவர்களுடைய அறியாமையை எண்ணி இரங்கியபடி, அறிவார்ந்த காரணத்தை நான் கண்டுபிடித்தேன்: கடைக்காரர் பழுதான பொருளை விற்றுவிட்டார்.

எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு அருள்தாஸை அழைத்தேன்.

“மேடம், நல்லா மாட்டிருக்கான்னு ஒருவாட்டி…”

“பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு என்னையே கேள்வி கேட்கிறீர்களா? மூன்று மாதம் படித்திருக்கிறேன். நுகர்வோர் மன்றத்தின் படியேறவும் தயங்கமாட்டேன்!”

மறுமுனையில் பூஜை மணி கேட்டது. “கடையில பூஜ நடக்குது மேடம். முடிச்சுட்டு நானே வீட்டுக்கு வர்றேன்” என்று அமைதியாகச் சொல்லி வைத்தார்.

கலியமூர்த்தி எழுந்து இரண்டு விசில் கொடுத்தான். “வண்டி பிரேக்டவுனு! டிக்கெட்ட யாரும் தூக்கிப் போடாதீங்க. பின்னால வர்ற வண்டியில ஏத்தி வுடுறேன்!”

கூடமே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை, எழுந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். மேசை வேலைக்குப் போனதிலிருந்து அதுதான் வழக்கம். அவரோ குனிந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

“இதுக்குத் தண்ணி எங்க ஊத்துறது?”

“இதுக்குத் தண்ணீர் கிடையாதுங்க” என்றேன், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல.

“அப்போ சூடு எந்த வழியா வெளிய போவும்?”

பிராசசரின் தலையில் கூலரின் செம்பு அடிப்பாகம் உட்காரும், இடையில் ஒரு பசை தடவியிருக்கும், வெப்பம் அதன் வழியே மேலேறும் என்று விளக்கினேன்.

“ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடுதா?”

“தொடாமல்?”

“பாத்தியா?”

“படிச்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

“கலியா, ஸ்குரு டிரைவர் எடு. ஸ்கூட்டர் டிக்கியில இருக்கும்.” அந்தக் குரல் வேறு. ஒன்பது பேரும் பொரியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். பக்கப் பலகையைக் கழற்றினார். கூலரின் நான்கு திருகாணிகளையும் எதிரெதிராகத் தளர்த்தினார். கூலரை லேசாகத் திருகி எடுத்துக் கவிழ்த்தார். செம்பின் மேல் பசையில் ஊறிக்கொண்டு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் பளபளத்தது. நகத்தால் நெம்பி உரித்து, சன்னல் வெளிச்சத்தில் வலது கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“இது இன்னா?”

கூலரின் செம்பில் ஒட்டி வந்த மேல்தாள்; அதை உரித்தால்தான் சூடு மேலேறும்.

அதில் எதுவும் எழுதியிருக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதியிருந்தது. பொருத்தும் முன் நீக்கவும் என்று. சிவப்பில். நானும் படித்தேன். ஆனால் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறது; அந்தத் தாளைப் பதினொரு ஆண்டுகளாக யாரும் உரிக்கவில்லை. டிவி ரிமோட் அது வந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. எழுத்து தெரியாததால் குத்துமதிப்பாக அமுக்குகிறோம். ஸ்கூட்டர் இருக்கையின் பாலித்தீன், வெயிலில் பொரிந்து உதிர்ந்த பிறகுதான் இருக்கை என்ன நிறம் என்பதே தெரிந்தது. எங்கள் தெருவில் புதுப்பொருளின் மேல்தாளை உரிக்கிறவன் ஊதாரி. அந்தச் சனிக்கிழமை செம்பின் மேல் தாளைக் கண்டதும், கீறல் விழாமல் புதுசாகவே இருக்கட்டும் என்று அன்போடு தடவிவிட்டேன். எழுத்து இருந்த பகுதி மட்டும் வால்போலத் துருத்திக்கொண்டிருந்தது. பார்வைக்கு நன்றாக இல்லையென்று கத்தரியால் நறுக்கினேன்.

இதில் இன்னொரு கொடுமை. பிராசசர் டப்பாவில் இலவசமாக வந்த, நான் வேண்டாமென்று தள்ளிய விசிறியில் அந்தத் தாளே கிடையாது.

அவருக்கு ஊசி போடும்போது துடைக்கிற ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவரச் சொன்னார். பழைய பசையைத் துடைத்து, கூலர் டப்பாவில் மீந்திருந்த பசையைத் தடவி, கூலரைப் பூட்டி, “இப்போ அந்தத் தம்பிக்கு ஃபோன் பண்ணு” என்றார்.

“அப்புறமா…”

“எல்லார் முன்னாடியும்தான திட்டினே?”

ஒலிபெருக்கியைப் போட்டேன். என் தமிழ் முழுவதும் என்னைக் கைவிட்டுவிட்டது. “தம்பி, நான்தான்… அந்தத் தாள உரிக்காம மாட்டிட்டேன்பா. மன்னிச்சுக்கோ.”

“பரவால்ல மேடம். இந்த மாரி நிறைய பேரு பண்ணியிருக்காங்க” என்றார் அருள்தாஸ். “ஆனா மூணு மாசம் படிச்சுட்டுப் பண்ணது நீங்க ஒருத்தருதான்.”

ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். என் கணவரும் சிரித்தார், தொடையில் தட்டித் தட்டி.

நான்காம் முறை விமானம் விக்காமல் போனது. வழியெல்லாம் கலியமூர்த்தி “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காத” என்று மேகங்களுக்கிடையே கத்திக்கொண்டே வந்தான். சென்னை ஓடுபாதையில் இறங்கியபோது விமானம் தூக்கிப் போட்டது, ஆனால் கவிழவில்லை. நடுக்கோட்டை விட்டுவிட்டு, முழு தூரமும் இடதுபக்க ஓரமாகவே ஓட்டிப்போய் நிறுத்தினார். “நடுவில் போகலாமே” என்று நான் வாயெடுத்தேன். “எதுர்ல வண்டி வந்தா?” என்றார். ஒன்பது ஊழியர்களும் ஆமோதித்தார்கள். கிளம்பும்போது கொட்டாவிக்காரர் வாசலில் நின்று, “அடுத்த ட்ரிப்பு எப்போ, டிரைவரே?” என்று கேட்டார். என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழம, அஞ்சே முக்காலு. லேட்டா வந்தா நிக்கமாட்டேன்” என்றார்.

பணிமனையில் யார் வீட்டுக்குக் கணினி வாங்கினாலும் இப்போது பாகங்களைத் தேர்ந்தெடுக்க என்னிடம் வருகிறார்கள். நான் முறையாகப் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “மாட்டுறது அண்ணன்தான, அண்ணி?” என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் காபியையே வாங்குவார்கள்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கலியமூர்த்தி இந்தக் கதையைச் சொல்கிறான். ஆண்டுக்கு ஆண்டு அது வளர்கிறது. முதலில் பெட்டியிலிருந்து புகை வந்தது. அடுத்த ஆண்டு தீப்பொறி. போன ஆண்டு, புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்களிடம், திரையில் கட்டிய மாலை பற்றியெரிந்ததாகச் சொன்னான். தவறான தகவலைத் திருத்தாமல் விடுவது என் தொழிலுக்கு அடுக்காது. “மாலை எரியவில்லை. புகைகூட வரவில்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்” என்றேன்.

“வந்துச்சு” என்றார் என் கணவர், பொரியை மென்றபடி. “நீ ஃபோன்ல கத்திக்கிட்டு இருந்தே. கவனிச்சிருக்கமாட்டே.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்து, அவர் சொல்வதே சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்கள். நான் திருத்தவில்லை.